சாயங்காலம் ஏழரைக்கு டிஜிபிஎஸ் காட்டிய கல்

2024 மார்ச் கடைசி. தூத்துக்குடி பக்கம் ஓர் உப்பள நிலத்துக்கு எல்லை அளந்துகொண்டிருந்தோம். மரமும் இல்லை, கட்டடமும் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் பாத்திதான். செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடம் அளக்கும் டிஜிபிஎஸ் கருவிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. மூன்று கல் பாக்கி இருக்கும்போதே இருட்டிவிட்டது. "முடிச்சிட்டே போயிருவோம் சார்" என்றான் கூட வந்த பையன். ஏழரை மணிக்கு ரோவர், அதாவது கல் மேல் வைத்து அளக்கும் ரிசீவர், ஃபிக்ஸை (துல்லியமான நிலை) விட்டு ஃப்ளோட்டுக்கு (துல்லியம் குறைந்த நிலை) போனது. திரும்ப ஃபிக்ஸ் வந்தது, மறுபடி போனது. கடைசிக் கல்லுக்கு ஃபிக்ஸ் வந்த நொடியில் பதிந்துவிட்டுக் கிளம்பினோம். மறுநாள் காலை பழைய சர்வே கல்லிலிருந்து டேப் பிடித்துப் பார்த்தால், ஒரு சாணுக்கு மேல் வித்தியாசம்.

முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகுதான் புரிந்தது, தலைக்கு மேலே 300 கிலோமீட்டரில் நடந்த கூத்து அது.

சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல் வளிமண்டலத்து அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்துவிடுகின்றன. அதுதான் அயனி மண்டலம். செயற்கைக்கோள் சிக்னல் அதைக் கடக்கும்போது தாமதமாகிறது. கணக்கு வைக்க ஓர் அலகு உண்டு: ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தூணில் நூறு கோடி கோடி எலெக்ட்ரான். அப்படி ஓர் அலகு கூடினால் ஜிபிஎஸ்ஸின் முதன்மை அலைவரிசையான எல்1 சிக்னலில் 16 சென்டிமீட்டர் பிசகு. சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் நம் நாட்டின் மேல் பகல் நேரத்தில் இது 100 அலகைத் தாண்டும். அதாவது 16 மீட்டர்!

பக்கத்தில், இடம் தெரிந்த புள்ளியில், பேஸ் என்ற இன்னொரு ரிசீவரை வைத்து அளப்பதால் இதில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. இருவருக்கும் மேலே ஒரே வானம்தானே. இரண்டு அலைவரிசை வாங்கும் ரிசீவர் என்றால் இன்னும் நல்லது. ஆகவே பகலில் கவலையில்லை. வம்பு எல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான்.

பூமிக் காந்தத்தின் நடுக்கோடு நம் நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21-ல் நம் நாட்டிலிருந்து முதல் ராக்கெட் ஏவத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். இந்தக் கோட்டின் மேல், சூரியன் மறைந்ததும் அயனி மண்டலம் மேலே தூக்கப்படுகிறது. அதன் அடிப்பகுதி நிலைகுலைந்து, கொதிக்கிற கஞ்சியில் குமிழ் எழும்புவதுபோல எலெக்ட்ரான் குறைந்த குமிழ்கள் மேலேறுகின்றன. அவற்றின் ஊடே வரும் சிக்னல் மினுங்கும், சில நேரம் அறுந்தே போகும். அறுந்த சிக்னலை ரிசீவர் திரும்பப் பிடிக்கும்போது, செயற்கைக்கோளுக்கும் தனக்கும் இடையே எத்தனை முழு அலை என்ற எண்ணிக்கையைத் தப்பாகத் தீர்மானித்தால், திரையில் ஃபிக்ஸ் என்றே காட்டும், ஆனால் கல் இடம் மாறியிருக்கும். ஃப்ளோட்டைவிட ஆபத்தானது இந்தப் பொய் ஃபிக்ஸ்.

சூரியப் புள்ளி, அதாவது சூரியன் மேல் தோன்றும் கரும்புள்ளி, கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும். நம் நாட்டில் அது மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் அதிகம். சரி, அப்படியானால் புள்ளி எண்ணிக்கையைப் பார்த்து இன்றைக்கு வேலை செய்யலாமா என்று சொல்லிவிட முடியாதா? முடியாது. இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

சூரியப் புள்ளிக்கும் அயனி மண்டலத்துக்கும் உள்ள உறவு மாதச் சராசரியில் அழகாகத் தெரியும். கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். பதினோரு ஆண்டு ஏற்ற இறக்கம் அதில் பளிச்சென்று இருக்கிறது. அயனி மண்டலத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளில் போடும் புள்ளி எண்ணோ பெரும்பாலும் 12 மாதத்துக்குச் சராசரி எடுத்துச் சமன்செய்தது. ஒரு மாதத்தின் சரியான மதிப்பு ஆறு மாதம் கழித்துத்தான் கைக்கு வரும்! அதில் இன்றைய மாலையைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

சூரிய வெடிப்பால் பூமியின் காந்தம் கலங்கும் காந்தப் புயல் இல்லாத நாட்களிலும், அயனி மண்டலத்தின் உச்ச எலெக்ட்ரான் அடர்த்தி சராசரியிலிருந்து கணிசமாக விலகும். எல்லா நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் பகலில் சுமார் 20 சதவீதம், இரவில் 33 வரை. அந்த விலகலில் சூரியக் கதிர் நாளுக்கு நாள் மாறுவதன் பங்கு சிறியது. காந்தக் கலக்கமும், கீழிருந்து மேலேறும் காற்றலைகளுமே பெரிய பங்காளிகள். குமிழுக்கோ சராசரி என்று ஒன்று சொல்வதற்கே இல்லை: ஒரு நாள் வரும், மறுநாள் சுத்தமாக இருக்காது. 2024 மே 10-ல் வந்தது போன்ற பெரும் புயல் அமெரிக்க வயல்களில் டிராக்டர்களின் ஜிபிஎஸ்ஸையே தடுமாற வைத்தது. அதற்காவது எச்சரிக்கை வரும். நம்மூர் குமிழுக்குப் புயல் தேவையே இல்லை. காந்தக் கலக்கத்தின் அளவைச் சொல்லும் கேபி எண் வெறும் 1 என்று போன் ஆப்பில் பச்சையாகக் காட்டும் மாலையிலும் ஃபிக்ஸ் அறுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2024 அக்டோபரில் நாசாவும், அமெரிக்காவின் கடல்-வளிமண்டல அமைப்பான நோவாவும் சூரியன் உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டதாக அறிவித்தன. உச்சம் தாண்டினாலும் இறங்க ஆண்டுகள் ஆகும்.

அந்த உப்பளத்துக்குப் பிறகு மேற்சொன்ன மாதங்களில் ஏழு மணிக்கு மேல் எல்லைக் கல் பதிவதில்லை. தவிர்க்க முடியாமல் பதிந்தால், ரோவரை அணைத்துப் போட்டுப் புதிதாக ஃபிக்ஸ் வாங்கி இன்னொரு முறை. மறுநாள் காலை மூன்றாவது முறை. மூலத் தரவை அழிப்பதில்லை. நிலத்துக்காரர் மட்டும் இன்னும் நம்பவில்லை. "சூரியன்தான் மறைஞ்சிடுச்சே, அப்புறம் அது எப்படித் தம்பி கல்லை நகர்த்தும்?" என்கிறார்.