ஸ்ட்ராபெர்ரிக்கு உரம்: எந்த இலையைக் கிள்ளுவது?

ஸ்ட்ராபெர்ரி இலை வெளிறினால் பலருக்கும் முதலில் கை போவது யூரியா மூட்டைக்குத்தான். ஆனால் வெளிறலுக்குத் தழைச்சத்து எனும் நைட்ரஜனின் குறைவு மட்டும் காரணமில்லை. இரும்பு எட்டாமல் போனாலும் வெளிறும், வேர் அழுகினாலும் வெளிறும். எந்த இலை முதலில் வெளிறுகிறது என்று பார்த்தால் ஒரு துப்புக் கிடைக்கும். தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளையும் மெக்னீசியத்தையும் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதிய இலைக்கு அனுப்பிவிடும். அதனால் குறை அடி இலையில்தான் முதலில் தெரியும். கால்சியம், இரும்பு, போரான் போன்றவை அப்படி எளிதில் இடம் மாறாது. அவை குறைந்தால் அடிபடுவது குருத்து. இளம் இலையின் நுனி கருகிச் சுருண்டால் பெரும்பாலும் கால்சியம் அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள்.

கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறை முற்றும்போது மகசூல் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும். சரி, எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாகப் போட்டால்? தழைச்சத்து மிஞ்சினால் இலை அடர்ந்து, காற்றோட்டம் குறைந்து, பழம் மென்மையாகிச் சாம்பல் பூசணம் பிடிக்கும். சோதனை தேவைப்படுவது இதனால்தான்.

மண் பரிசோதனை நடவுக்கு முன்பு செய்ய வேண்டியது. மணிச்சத்தும் சுண்ணாம்பும் மண்ணில் மெதுவாகத்தான் நகரும். பாத்தி போட்டபின் மேலே தூவினால் வேருக்குப் போய்ச் சேர வெகு காலமாகும், முன்னதாகவே கலந்துவிட வேண்டும். ஸ்ட்ராபெர்ரிக்கு மண்ணின் பிஹெச் (அமில-கார அளவு) 6 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. அதற்கு வெகுவாக மேலே போனால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. தழைச்சத்தின் நீரில் கரையும் வடிவமான நைட்ரேட்டோ பாய்ச்சும் நீரோடு அடிமண்ணுக்கு இறங்கிவிடுவது. நடவுக்கு முன் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு காய்ப்புப் பருவத்துக்குக் கணக்குப் போட முடியாது.

அப்புறம் இருப்பது இலைப் பரிசோதனை. மண்ணில் என்ன இருக்கிறது என்பதை விட்டு, செடி உண்மையில் எதை எடுத்திருக்கிறது என்று பார்ப்பது. இதில் பெரும்பாலான பிழை ஆய்வகத்தில் நடப்பதில்லை, கிள்ளும் இடத்திலேயே நடந்துவிடுகிறது. பறிக்க வேண்டியது முழுதாக விரிந்து முடித்த இலைகளில் ஆகக் கடைசியாக விரிந்தது. குருத்தில் இன்னும் மினுமினுக்கும் இளம்பச்சை இலை வேண்டாம், மண்ணைத் தொட்டுக் கிடக்கும் கிழட்டு இலையும் வேண்டாம். செடிக்கு ஒன்று வீதம், வயலெங்கும் நடந்து 30 முதல் 50 இலைகள் எடுத்தால் போதும். காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் புழுங்கிக் கெட்டுவிடும்.

ஆய்வகத்தில் இலையை உலர்த்தி, பொடியாக அரைப்பார்கள். நைட்ரஜனை அளக்க எரித்து வாயுவாக்கும் கருவிகள் இன்று பரவலாக இருக்கின்றன. டென்மார்க் வேதியியலாளர் கெல்டால் 1883இல் வெளியிட்ட, அமிலத்தில் காய்ச்சும் முறையும் இன்றுவரை புழக்கத்தில் உண்டு. தானியத்தின் புரதத்தை அளக்க ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் உருவானது அது!

அறிக்கை வந்ததும் எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. இலையில் தழைச்சத்து 2.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அறுவடை மும்முரமாக நடக்கும்போது இது போதுமான அளவு. அறுவடை தொடங்குமுன், தீவிரச் சாகுபடியில் 3 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்ப்பார்கள் என்பதால், அதே எண் அப்போது பற்றாக்குறை. சாம்பல் சத்தும் இப்படித்தான். பழம் அதை நிறைய இழுத்துக்கொள்வதால் காய்ப்பு மிகும்போது இலையில் இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அதனால் மாதிரி எடுத்த தேதியையும் பருவத்தையும் உறையிலேயே எழுதி அனுப்புங்கள்.

வேறு சில பொறிகளும் உண்டு. தாமிரம், மாங்கனீசு, துத்தநாகம் கலந்த பூசணக்கொல்லி தெளித்திருந்தால் அந்த எண்கள் தாறுமாறாக ஏறியிருக்கும். இரும்பு எண்ணை நான் அவ்வளவாக நம்பமாட்டேன். இலையில் ஒட்டிய மண்தூசியே அதை உயர்த்திவிடும். மஞ்சளாகிப்போன இலையிலும் மொத்த இரும்பு சரியாகவே இருப்பதுண்டு, செடிக்குப் பயன்படாத வடிவில். குளிராலோ நோயாலோ வளராமல் நிற்கும் செடியில் சத்துகள் குறுகிய இடத்தில் செறிந்து, எல்லாம் தாராளம் என்று அறிக்கை சொல்லும்.

இலைக்காம்பின் நைட்ரேட்டை அளப்பவர்களும் இருக்கிறார்கள். பறித்த உடனே காம்பையும் இலையையும் பிரித்துவிட வேண்டும். இது அண்மையில் என்ன உறிஞ்சப்பட்டது என்பதைக் காட்டும், ஆனால் மேகமூட்டம், நீர்ப்பாசனம் என எல்லாவற்றுக்கும் ஆடும். ஒரே ஒரு காம்பு எண்ணைப் பார்த்து உரத்தை மாற்றுவதைவிட, தொடர்ந்து எடுத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே உருப்படியான வழி.

வயலில் ஒரு மூலை மட்டும் சுணங்கி நின்றால் சராசரி மாதிரி உதவாது. சுணங்கிய இடத்தில் ஓர் உறை, பக்கத்தில் செழித்த இடத்தில் இன்னோர் உறை, இரண்டு இடத்திலும் மண். நான்கையும் ஒரே நாளில் எடுத்து அனுப்பினால், போதுமானவை என்று பட்டியலிட்டிருக்கும் பொது அளவுகளைவிட அந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாடே அதிகம் சொல்லும். வேறுபாடே இல்லையென்றால் உர மூட்டையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.