இரண்டு வரிகளை இடம் மாற்றினால் பூமி ஓடிப்போகாது

சூரியனையும் பூமியையும் வைத்து நான் முதன்முதலில் எழுதிய நிரலில், ஒரு சுற்று முடித்த பூமி கிளம்பிய இடத்துக்குத் திரும்பவில்லை. கொசுவர்த்திச் சுருள் மாதிரி வெளியே விரிந்துகொண்டே போனது. நியூட்டனின் ஈர்ப்புச் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அதில் தப்பே இல்லை.

நிரல் செய்வது சின்ன வேலைதான். ஒவ்வொரு பொருளையும் மற்றவை எவ்வளவு இழுக்கின்றன என்று பார்க்கும். அந்த இழுப்பால் வேகம் மாறும் வீதம்தான் முடுக்கம். பிறகு இரண்டே வரிகள்:

இடம் = இடம் + வேகம் × நேரம்
வேகம் = வேகம் + முடுக்கம் × நேரம்

இதையே சுழற்சியில் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு சுழற்சியும் ஓர் அடி; ஓர் அடிக்கு நேரம் ஒரு நாள் என்று வைத்திருந்தேன்.

பூமி நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 26 லட்சம் கிலோமீட்டர். உண்மையில் அந்தப் பாதை சூரியன் பக்கம் வளைந்துகொண்டே இருக்கும். என் நிரலோ நாள் முழுக்கப் பழைய வேகத்திலேயே நேர்கோட்டில் ஓட்டிவிட்டு, அப்புறம்தான் வேகத்தைத் திருத்தியது. அதற்குள் பூமி சுமார் 22,000 கிலோமீட்டர் வெளியே தள்ளிப் போயிருக்கும். பூமியின் விட்டமே 12,700 கிலோமீட்டர்தான்! மறுநாள் அந்தத் தப்பான இடத்திலிருந்து இன்னொரு தப்பு. ஆய்லர் முறை எனப்படும் இந்த வழியில், ஒவ்வொரு அடியிலும் பூமிக்குக் கொஞ்சம் ஆற்றல் இலவசமாகச் சேர்ந்துவிடுகிறது.

சரி, இதற்கு என்ன வழி? அந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றினால் போதும். முதலில் வேகத்தைத் திருத்தி, அந்தப் புது வேகத்தால் இடத்தை நகர்த்த வேண்டும். ஒரு கூட்டல்கூட அதிகமில்லை. பிழை அடியோடு போய்விடாது. ஆனால் ஆற்றல் ஏறிக்கொண்டே போகாமல், கொஞ்சம் கூடுவதும் குறைவதுமாக ஊசலாடும். பாதையும் விரியாது. வேகத்தை அரை அடி தள்ளி வைத்துக் கணக்கிடுவது இன்னும் துல்லியம். இடமும் வேகமும் மாறி மாறி ஒன்றையொன்று தாண்டிப் போவதால், ஆங்கிலத்தில் அதற்கு ‘லீப்ஃபிராக்’ (leapfrog) என்று தவளை விளையாட்டின் பெயர். நன்னூல் படித்தவர்களுக்கு, தவளை தாவுவதுபோல் சூத்திரங்கள் இடைவிட்டுத் தொடர்வதைச் சொல்லும் ‘தவளைப் பாய்த்து’ நினைவுக்கு வரும்.

பொருட்கள் பெருகும்போது பளு வேறு இடத்தில் ஏறுகிறது. சூரியனும் எட்டுக் கோள்களும் என்றால் ஒன்றையொன்று இழுக்கும் 36 ஜோடிகள். ஆயிரம் விண்மீன்கள் என்றால் ஒவ்வொரு அடிக்கும் 4,99,500 ஜோடிகள். 1941இல் சுவீடன் வானியலாளர் எரிக் ஹோல்ம்பெர்க் இந்தக் கணக்கைக் கணினி இல்லாமலே ஒப்பேற்றினார். ஈர்ப்பைப் போலவே ஒளியும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறதல்லவா? இரண்டு விண்மீன் மண்டலங்களுக்கு (கேலக்ஸி), ஒன்றுக்கு 37 மின்விளக்குகள் என 74 விளக்குகளைப் பரப்பினார். ஒவ்வொரு இடத்திலும் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று, வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் ஒளிமின்கலத்தால் அளந்தார். பிறகு விளக்குகளைக் கையாலேயே நகர்த்தி வைத்து, மறுபடி அளந்தார்.