கடைசி மிடறுக்குப் பின் எத்தனை மணி நேரம்?

அமெரிக்க விதிப்படி, மது அருந்திய விமானி 8 மணி நேரம் கழித்தே விமானம் ஓட்டலாம். ரத்தத்தில் 100 மில்லிக்கு 40 மில்லிகிராம் ஆல்கஹாலை எட்டவும் கூடாது. இந்தியாவில் 12 மணி நேரம். சுவாசச் சோதனைக் கருவி சுழியம்தான் காட்ட வேண்டும். முதல் தடவை மாட்டினால் உரிமம் 3 மாதம் முடங்கும், இரண்டாம் தடவை 3 ஆண்டு, மூன்றாவதில் ரத்து. விமானிகள் இந்த இடைவெளியை ‘பாட்டில் டு த்ராட்டில்’ (பாட்டிலிலிருந்து எஞ்சின் விசைப்பிடிக்கு) என்பார்கள். இந்த மணிக்கணக்கை மட்டும் நம்புவது ஆபத்து. எவ்வளவு குடித்தார் என்பது அதில் இல்லையே!

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 42.8 சதவீத விஸ்கியில் 60 மில்லி லார்ஜ் ஒன்றுக்குச் சுமார் 20 கிராம் ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆண் நான்கு லார்ஜை அடுத்தடுத்துக் குடித்தால் ரத்தத்தில் 100 மில்லிக்கு 170 மில்லிகிராம் வரை ஏறும். அதே எடையுள்ள பெண்ணுக்கு உடலில் நீர் குறைவு என்பதால் ஏறத்தாழ கால் பங்கு கூடுதலாக ஏறும். கல்லீரல் கழிப்பதோ, ரத்தத்தில் 100 மில்லிக்கு, மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான். ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதி கொஞ்ச அளவிலேயே முழு வேகத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் வேகம் கூடாது. காபி, பச்சைத்தண்ணீர்க் குளியல், தூக்கம் எதுவும் அதை விரட்டாது. ஆக, 8 மணி நேரம் கழித்தும் 50 மில்லிகிராம் மிச்சம் இருக்கும். ஆறு லார்ஜ் என்றால் சுழியத்துக்கு வர 17 மணி நேரம் ஆகும். 12 மணி நேரக் காத்திருப்பும் போதாது. மந்தமாகக் கழிக்கும் உடம்புக்கு இன்னும் நேரம் பிடிக்கும்.

சுழியம் வந்த பிறகும் உள்காதில் ஒரு சிக்கல் தொடரும். தலை திரும்புவதை உணர்த்த அங்கே மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. உள்ளே திரவம், அதை மறித்து நிற்கும் கூழ்மத் தடுப்பு. இரண்டும் ஒரே அடர்த்தி. குடித்ததும், ரத்த நாளங்களுக்கு அருகில் இருக்கும் தடுப்புக்குள் ஆல்கஹால் முதலில் நுழைகிறது. அது லேசாகி மிதக்க, படுத்தால் அறை சுற்றுகிறது. சில மணி நேரத்தில் திரவத்திலும் ஆல்கஹால் ஏறிச் சமநிலை வரும். பிறகு தடுப்பிலிருந்து ஆல்கஹால் முதலில் வெளியேற, இப்போது அது கனத்துத் தொங்குகிறது. சுற்றல் திசை மாறித் திரும்ப வருகிறது. ரத்தம் தெளிந்த பிறகும் இந்த இரண்டாம் கட்டம் பல மணி நேரம் நீடிக்கும். மேகத்துக்குள் அடிவானம் தெரியாத நேரத்தில் விமானி தலையைச் சாய்த்தால், நேராகப் பறக்கும் விமானம் புரள்வதுபோல் தோன்றலாம். அந்தப் பிரமையை நம்பி அவர் கட்டுப்பாட்டைத் திருப்பினால், விமானம் நிஜமாகவே சாயும்.

1986-இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்கக் கடற்படை விமானிகள் 10 பேருக்கு, ரத்தத்தில் 100 மில்லிக்கு 100 மில்லிகிராம் ஆல்கஹால் எட்டும் அளவு மது கொடுத்து, 14 மணி நேரம் கழித்து சிமுலேட்டரில் பறக்கவிட்டார்கள். அப்போதும் துல்லியம் குறைந்தே இருந்தது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விதியில் 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டே, 24 மணி நேரம் காத்திருப்பதே பாதுகாப்பு என்று விமானிகளுக்குச் சொல்கிறது. போதை ஏறும் அளவு குடித்திருந்தாலோ, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டிய பயணம் என்றாலோ அது இன்னும் முக்கியம் என்கிறது.