எந்தக் கன்சோலில் முதலில் வெளியிடுவது?

ஒரே கேமைப் பல கன்சோல்களுக்கு, அதாவது கேம் ஆடுவதற்கென்றே உள்ள மெஷின்களுக்கு, தயாரிக்கும் குழுக்களுக்கு வெளியீட்டு ஆலோசனை சொல்வது என் வேலை. பேச உட்கார்ந்ததும் பெரும்பாலும் ஒரு கணக்கை எடுத்து வைப்பார்கள்: எந்தக் கன்சோல் எத்தனை கோடி விற்றிருக்கிறது என்று. அத்தனை பேரும் தங்கள் கேமை வாங்கக்கூடியவர்கள் என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அந்தக் கணக்கு வீண் இல்லை. 'ரெசிடென்ட் ஈவில் 4' 2005 ஜனவரியில் நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்கு வந்தது. அந்தக் கன்சோல் மொத்தமே சுமார் 2.17 கோடிதான் விற்றது. பிளேஸ்டேஷன் 2 விற்றதோ 15 கோடிக்கும் மேல். சில மாதங்கள் கழித்து, காட்சித் தரம் சற்றுக் குறைந்து வந்த பிளேஸ்டேஷன் 2 பதிப்புதான் அதிகம் விற்றது.

ஆனால் கன்சோல் வைத்திருப்பவர் அதில் என்ன மாதிரி கேம் வாங்குகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 'ஸ்டார்டியூ வேலி' 2016இல் பி.சி.யில் வந்து, 2017 அக்டோபரில்தான் கையில் வைத்தும் ஆடக்கூடிய நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்தது. மூன்றே மாதம்தான் மிச்சம். இருந்தும் அந்த ஆண்டு ஸ்விட்சில் அதிகம் டவுன்லோட் செய்யப்பட்ட கேம் அதுதான். கிடைக்கும் அரைமணி நேரத்தில் கையில் எடுத்து ஆடுவதற்கு ஏற்ற கேம், அப்படி ஆடும் ஆட்களிடம் போய்ச் சேர்ந்தது. அதே ஸ்விட்சின் 4 ஜிபி நினைவகத்துக்குள் ஒரு பிரம்மாண்டமான ஓப்பன் வேர்ல்ட் கேமை (பரந்த உலகில் இஷ்டப்படி சுற்றி ஆடும் கேமை) திணிக்கப் போனால், அந்த மெஷினில் ஓடும்படி மாற்றியமைக்கும் (போர்ட் செய்யும்) செலவே லாபத்தைத் தின்றுவிடலாம்.

எனக்கு அதிகம் கவலை தருவது பலவீனமான மெஷின்தான். 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. பழைய தலைமுறைக் கன்சோல்களில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, சுமார் ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் ஸ்டோரிலிருந்தே அதை எடுத்துவிட்டது. திரும்ப வந்தது 2021 ஜூனில். நல்ல பி.சி. வைத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவோ மேலாக ஓடியது. கெட்ட பெயர் என்னவோ கேமுக்கே வந்தது. 'பால்டர்ஸ் கேட் 3' குழு செய்ததை நான் மதிக்கிறேன். எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களில் திறன் குறைந்த சீரீஸ் எஸ்ஸில் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி சரியாக வரவில்லை. பி.சி., பிளேஸ்டேஷன் 5 பதிப்புகளை முதலில் விட்டார்கள். சீரீஸ் எஸ்ஸில் அந்த வசதியை நீக்கி, எக்ஸ்பாக்ஸ் பதிப்பை 2023 டிசம்பரில் தந்தார்கள்.

அப்புறம், எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தம்: முன்பணம் வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட காலம் ஒரே கன்சோலில் மட்டும் வெளியிட ஒப்புக்கொள்வது. முன்பணம் சிறிய ஸ்டூடியோவுக்கு மூச்சு விட இடம் தரும், மறுக்கவில்லை. ஆனால் 'ஃபைனல் ஃபேன்டசி 16' 2023 ஜூனில் பிளேஸ்டேஷன் 5இல் மட்டும் வந்து, பி.சி.க்கு வர 2024 செப்டம்பர் ஆனது. அதற்குள் பேச்சும் பரபரப்பும் அடங்கிவிடும். அதை வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனமே 2024 மே மாதம், இனிப் பல தளங்களில் வெளியிடுவதுதான் வழி என்று அறிவித்தது. ஆகவே கையெழுத்துப் போடும் முன், மற்ற தளங்களில் வெளியிடக் கூடாத தடைக்காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது, மற்ற பதிப்புகளைப் பற்றி எப்போது வாய் திறக்கலாம், இரண்டாவது வெளியீட்டின் விளம்பரச் செலவு யாருடையது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.