நாணல் தவளை: சொல்லும் பொருளும்

ஹைப்பரோலியஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையின் படத்தைப் பார்த்ததும் அதற்குத் தமிழில் ‘மரத்தவளை’ என்று எழுதிவிடத்தான் கை போகும். விரல் நுனிகளில் ஒட்டும் தட்டுகள், வழவழப்பான உடல், பிதுங்கிய கண்கள் எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரத்தவளைகள் வேறு குடும்பம். ஹைப்பரோலியஸ் தவளைகள் சகாராவுக்குத் தெற்கே வாழ்பவை. குடும்ப உறவுகள் சில மடகாஸ்கரிலும் செஷெல்ஸ் தீவுகளிலும் உண்டு. 1842இல் ராப் என்ற ஜெர்மானியர் ஹைப்பரோலியஸ் என்று பெயரிட்ட இந்தப் பேரினத்தில் இன்று 140க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

ஆங்கிலப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதன் இருப்பிடமே விடை. குளத்தோரம், சதுப்பு, வெள்ளம் தேங்கிய புல்வெளி ஆகிய இடங்களில் நீரிலிருந்து எழும் புல்தட்டைகளில்தான் இவற்றுள் பலவற்றின் வாழ்க்கை. அதனால் ஆங்கிலத்தில் ‘ரீட் ஃபிராக்’ என்றார்கள். ஜெர்மன், ஆப்பிரிக்கான்ஸ் மொழிப் பெயர்களிலும் முதற்பகுதி நாணலே.

‘ரீட்’ என்பதற்குத் தமிழில் சொல் பஞ்சம் இல்லை. நாணல், கோரை, சம்பு, கொறுக்கை எல்லாம் நீரோரத்துப் பெயர்கள். சங்க இலக்கியத்து வேழமும் இந்த இனத்ததே. கோரை என்றால் பாய் முடையும் செடியும், சம்பு என்றால் கதிர் தடித்த ஒரே ஒரு செடியும் நினைவுக்கு வரும். வேழம் என்றால் இன்று யானைதான் வந்து நிற்கும். நாணல் மட்டுமே ‘நீரோரத்து உயர்ந்த புல்’ என்ற பொதுப் பொருளைத் தாங்குகிறது. ஆகவே ‘நாணல் தவளை’ என்பதே என் தேர்வு.

எழுதும்போது ஓர் எச்சரிக்கை. இலக்கண முறைப்படி லகரமும் தகரமும் புணர்ந்தால் ‘நாணற்றவளை’ என்றாகும். கல்லும் தூணும் சேர்ந்து கற்றூண் ஆவது போல. ஆனால் படிப்பவருக்கு அது ‘நாண் அற்றவளை’ என்று, வெட்கம் கெட்ட ஒருத்தியைத் திட்டுவது போலத் தெரியும். இங்கே பிரித்து எழுதுவதே தெளிவு.

அடுத்த சிக்கல், ஆண் தவளை இணையைக் கவர எழுப்பும் ஒலியைக் குறிக்கும் ‘கால்’ (call) என்ற ஆங்கிலச் சொல். அதை ‘அழைப்பு’ என்று எழுதினால் தொலைபேசி மணி அடிக்கிறது. ஆங்கிலக் கலைச்சொல்லை அப்படியே பெயர்த்த ‘விளம்பர அழைப்பு’ என்பது அதைவிட மோசம். தவளை கத்தும் என்பது நம் வழக்கு. ஆனால் தென்னாப்பிரிக்காவின் பளிங்கு நாணல் தவளை எழுப்புவது குட்டையான, கூர்மையான சீழ்க்கை. சுமார் 3 செ.மீ. உடலுள்ள ஆண், இருட்டியதும் தட்டையில் தொற்றிக்கொண்டு தொண்டையை ஊதுகிறது. குரல்பை உடலுக்கு ஈடாக உப்புகிறது. ஒன்று தொடங்கினால் பக்கத்துத் தட்டை பதில் தரும். சற்று நேரத்தில் குளம் முழுதும் மணிகள் குலுங்குவது போல ஒலிக்கும். இதற்கு ‘இணைவிழைக் குரல்’ என்ற சொல் பொருந்தும்.

இந்தக் குரலுக்குச் செலவாகும் ஆற்றல் பெரிது. எல்லா ஆணாலும் எல்லா இரவும் கத்த முடிவதில்லை. அதிக இரவுகள் குளத்துக்கு வந்து தாக்குப் பிடிக்கும் ஆணுக்கே இணை சேரும் வாய்ப்பு அதிகம். நுணலும் தன் வாயால் கெடும் என்கிறோம்; இதன் குலமோ வாயால்தான் தழைக்கிறது. நுணல் என்பது மணலுக்குள் மறைந்து வாழும் தவளை என்பதால் அந்தப் பெயரும் இதற்கு ஆகாது.

முட்டையிடும் முறை இனத்துக்கு இனம் வேறுபடும். பளிங்கு நாணல் தவளை நீருக்குள் இருக்கும் செடிகளில் ஒட்டி வைக்கிறது. வேறு சில இனங்கள் நீருக்கு மேலே இலையில் இடுகின்றன. தலைப்பிரட்டைகள் அங்கிருந்து நீரில் விழுகின்றன. ஒன்றின்மேல் ஒன்று படியும் அல்லி இலைகளுக்கு இடையே முட்டையிடும் சிறு இனத்தை ‘அல்லி நாணல் தவளை’ எனலாம். நெருங்கிய உறவான அஃப்ரிக்சாலஸ் இலையை மடித்து, முட்டைகளை உள்ளே வைத்து ஒட்டிவிடுகிறது. அதற்கு ‘இலைமடித் தவளை’ என்பதே போதும்.

மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளியில் வாழும் ஓர் இனம் மட்டும் இந்தப் பெயரைச் சோதிக்கிறது. மழையற்ற பருவத்தில் அதன் குஞ்சுகள் சேற்றில் புதைவதில்லை. காய்ந்த புல்தண்டில், கை கால்களை உடலோடு ஒடுக்கி, வெட்ட வெயிலில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. வெப்பம் ஏறினால் தோல் வெண்மையாகி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. சுற்றிலும் சொட்டு நீர் இல்லை. அப்போதும் அது பற்றியிருப்பது ஒரு தட்டையைத்தான்.