ஒரு குதிக்குள் இருக்கும் கணக்கு

தனியாக கேம் உருவாக்கக் கற்பவர்கள் பெரும்பாலும் கதையிலும் படங்களிலும்தான் தொடங்குகிறார்கள். அதை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு, திரையில் ஒரு வெறும் சதுரத்தை வரைந்து அதை ஒழுங்காகக் குதிக்க வையுங்கள் என்பேன். கேம் எப்படி இயங்குகிறது என்பதில் பாதி அந்தக் குதியிலேயே அடங்கிவிடுகிறது.

எந்த கேமின் அடியிலும் ஓயாத ஒரு சுழற்சி ஓடுகிறது. பொத்தானை யாராவது அழுத்தினார்களா என்று பார்க்கும், ஒவ்வொன்றும் இப்போது எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிடும், திரையில் வரையும், மறுபடி முதலிலிருந்து. விநாடிக்கு 60 முறை என்றால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவிநாடி.

'ஒவ்வொரு சுற்றிலும் 5 பிக்சல் (திரையின் புள்ளிகள்) நகர்த்து' என்று எழுதினால் இங்கேதான் சிக்கல். 60 சுற்று ஓடும் கணினியில் சதுரம் விநாடிக்கு 300 பிக்சல் போகும். 144 சுற்று ஓடும் கணினியில் 720. 1978இல் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேமில் இதுவே நடந்தது. எதிரிகள் குறையக் குறைய வரையும் வேலை குறைந்து, மிஞ்சியவர்கள் வேகமெடுத்தார்கள். அது விளையாட்டைச் சூடாக்கியதால் அவர் அப்படியே விட்டுவிட்டார். அதை அவர் தெரிந்தே வைத்துக்கொண்டார் என்பதுதான் முக்கியம். மற்றபடி, முந்தைய சுற்றிலிருந்து கடந்த நேரத்தை அளந்து, வேகத்தை அதனால் பெருக்கி, அவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும்.

இனி குதி. சதுரம் 100 பிக்சல் உயரம் எழும்பி, உச்சியை 0.4 விநாடியில் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உயரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு: 200 ÷ 0.16 = 1250. நேரத்தால் மட்டும் வகுத்தால் தொடக்க வேகம்: 200 ÷ 0.4 = 500. பள்ளியில் படித்த அதே இயக்கச் சமன்பாடுகள்தான். பூமியின் ஈர்ப்பை அப்படியே போட்டால் பல கேம்களில் பாத்திரம் மிதப்பதுபோல் தெரியும். உயரத்தையும் நேரத்தையும் நீங்கள் முடிவுசெய்யுங்கள். ஈர்ப்பு அவற்றிலிருந்து வரட்டும்.

கணக்கு சரியாக வந்த பிறகும் குதி கைக்குப் பிடிபடாமல் இருக்கலாம். மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகு ஒரு நொடித்துளி தாமதமாகப் பொத்தானை அழுத்துபவர், தான் சரியாகத்தான் அழுத்தினோம் என்றே நம்புவார். அதனால் கால் தரையை விட்ட பின்னும் சிறிது நேரம் குதிக்க அனுமதிப்பார்கள். 2018இல் வெளிவந்த செலஸ்ட் கேமில் இந்தச் சலுகை 0.1 விநாடி. எழுத வேண்டியதோ சில வரிகள்தான்: தரையில் இருக்கும்வரை ஒரு எண்ணை 0.1 என்று வைத்திருங்கள். தரையை விட்டதும் கடந்த நேரத்தை அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் குதிக்கலாம், குதித்ததும் பூஜ்யமாக்கிவிட வேண்டும். இந்தச் சலுகையோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் நண்பரிடம் விளையாடக் கொடுங்கள். எதை மாற்றினீர்கள் என்று சொல்லாமல், எங்கே விழுகிறார் என்று மட்டும் பாருங்கள்.