ரெண்டு எழுத்து மாறினா பார்வோவுக்குப் பேரே மாறிடும்

குட்டி ரெண்டு நாளா சாப்பிடல, வாந்தி, அப்புறம் ரத்தம் கலந்த பேதி, அந்த நாத்தத்த ஒருதடவ மோந்தவங்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது. டெஸ்ட் கிட்டுல ரெண்டு கோடு விழுந்தா பார்வோ வைரஸ்னு தெரிஞ்சிடும், ஆனா அது எந்த வகை, நாய்கிட்டருந்து வந்ததா பூனைகிட்டருந்து வந்ததான்னு கிட் சொல்லாது, அதுக்கு ஜீனத்தான் படிக்கணும்.

வைரஸ் ரொம்பப் பொடிசு, 26 நானோமீட்டர் வாக்குல இருக்கும், உள்ள ஒத்தை இழை டிஎன்ஏ, மொத்தமே சுமாரா 5,000 எழுத்துதான். அத காப்பி எடுக்குற என்சைம்கூட சொந்தமா கிடையாது, அதனால வேகமா பிரியுற செல்லா பாத்து உள்ள போயி அதோட மெஷின வச்சே பெருகிக்கும். குடலோட உள்சுவரும் எலும்பு மஜ்ஜையும் அப்படி ஓயாம பிரியுற எடங்க, பேதியும் வெள்ளணு சரியுறதும் சேந்தே வர்றது அதனாலதான். வயித்துல இருக்குறப்பவே பூனைக்குட்டிக்கு ஒட்டிக்கிச்சுன்னா சிறுமூளை சரியா வளராது, பொழச்சாலும் கடைசிவரைக்கும் தள்ளாடித்தான் நடக்கும், பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும்.

பூனையோட பார்வோ 1920கள்லயே தெரிஞ்ச வியாதி. நாய்க்கு வர்றதக் கண்டுபிடிச்சது 1978ல, பூனை வைரஸோ அதுக்கு ரொம்ப நெருங்கின சொந்தமோ தாவி வந்தது அது, எந்த நாய்க்கும் எதிர்ப்பு சக்தி இல்லாததால உலகம் பூரா பரவிடுச்சு. செல்லுக்குள்ள இரும்புச்சத்த ஏத்துற டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டரத்தான் இந்த வைரஸ் புடிச்சுக்கிட்டு உள்ள போகும், நாயோட ரிசெப்டர்ல கூடுதலா ஒரு சர்க்கரைச் சங்கிலி நீட்டிக்கிட்டு இருக்கு, பூனை வைரஸ் ஒட்ட முடியாம அது தடுத்திடும். வைரஸோட மேலோட்டுல இருக்குற விபி2 புரதத்துல 93வது, 323வது எடத்துல அமினோ அமிலம் மாறினதுதான் நாய்க்குள்ள போக வழி விட்ட முக்கியமான மாற்றம். அப்படி வந்த முதல் நாய் வைரஸால பூனைக்குள்ள போக முடியல, ஆனா ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே 2ஏ வகை வந்து பழச ஓரங்கட்டிடுச்சு, அது பூனைக்கும் ஒட்டும். அதனால இன்னிக்கு ஒரு பூனைக்கு பார்வோன்னா உள்ள இருக்குறது நாயோட வைரஸாகூட இருக்கலாம்.

லேப்ல ஸ்வாப்ல எடுத்த மலத்துலருந்து டிஎன்ஏவப் பிரிச்சு, பிசிஆர்ல விபி2 ஜீனப் பெருக்கி, அந்த 1,750 சொச்சம் எழுத்தையும் வரிசையா படிப்பாங்க. மூணு எழுத்து சேந்தா ஒரு அமினோ அமிலம், அதுல முதல்ல கண்ணு போற எடம் 426வது அமினோ அமிலம். அங்க ஏ-ஏ-டி இருந்தா 2ஏ, முதல் எழுத்து ஜி ஆனா 2பி, அதுக்கு மேல கடைசி எழுத்தும் ஏ ஆனா 2சி. வகைக்குப் பேர் வைக்க இது போதும், ஆனா என்னக் கேட்டா இத மட்டும் பாத்துட்டு நிறுத்துறது தப்பு, 297, 324, 440ன்னு மத்த எடத்துலயும் மாற்றம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு, முழு ஜீனையும் வச்சு வம்ச மரம் போட்டாத்தான் எது எதுக்குச் சொந்தம்னு புரியும். டிஎன்ஏ வைரஸா இருந்தும் ஆர்என்ஏ வைரஸ் மாதிரி வேகமா மாறுற ஜாதி இது.

தடுப்பூசி போட்ட குட்டிக்கும் சிலசமயம் பார்வோ வருது, புது வகைக்கு ஊசி கேக்கலைன்னு உடனே பேச ஆரம்பிச்சிடுறாங்க, ஆனா பலதடவ காரணம் தாய்ப்பால்ல வந்த ஆன்டிபாடி, அது ரத்தத்துல இருக்குறவரைக்கும் ஊசி மருந்த வேலை செய்ய விடாது, 16 வாரம் தாண்டியும் ஒரு டோஸ் போடச் சொல்றது இதுக்குத்தான். இன்னொண்ணு, தடுப்பூசியில இருக்குற, வீரியம் கொறைச்ச உயிருள்ள வைரஸும் கொஞ்ச நாளைக்கு மலத்துல வரும், பிசிஆர் பாசிட்டிவ் காட்டும், அது ஊசி வைரஸா வெளியிலருந்து வந்ததான்னு அந்த எழுத்து வரிசையப் பாத்துத்தான் சொல்ல முடியும்.